நிலுவையில் ஓர் இலை

ஓர் எலுமிச்சைக் கன்றுக்கு நூற்று எண்பத்தாறு பக்கத்தில் கோப்பு வைத்திருக்கும் அலுவலகம் உலகத்திலேயே ஒன்றுதான். மற்றவர்கள் இந்த உயரத்தை எட்ட இன்னும் பல காலம் ஆகும். ஆயிரம் ஏக்கரில் காடு வளர்ப்பவர்கள்கூட மரத்துக்கு ஒரு வரி எழுதி வைப்பதில்லை. இங்கேயோ முழங்கால் உயரக் கன்றின் ஒவ்வோர் இலைக்கும் தனிப் பக்கம் உண்டு. பக்கத்தில் இலையைப் பற்றிய குறிப்பு மட்டும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இலையே இருக்கும், நான்கு மூலையிலும் பசை தடவி. செடியில் இருப்பதைவிடக் கோப்பில்தான் இலை பத்திரமாக இருக்கும் என்பது அங்குள்ளவர்களின் முடிவான கருத்து.

அது படிவத் துறை. மற்ற துறைகளுக்கு வேண்டிய படிவங்களை யோசித்து, வரைந்து, கட்டம் போட்டு அச்சுக்கு அனுப்பும் துறை. ஒரு மனிதன் பிறந்தாலும் இறந்தாலும், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டாலும், அவனைப் பற்றி நிரப்பப்படும் கட்டங்கள் எல்லாம் இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உருவானவை. முகவரிக்கு அரை வரியும் 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்பதற்கு அரைப் பக்கமும் ஒதுக்கும் கலையை உலகுக்குத் தந்தவர்களும் இவர்கள்தான்.

இங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கிறுக்கி, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். 'படித்தேன்' என்று எழுதக் கூடாது. 'புரிந்தது' என்று எழுதுவது வரம்பு மீறிய செயல். முன்பு ஒருவர் அப்படி எழுதிவிட்டு, என்ன புரிந்தது என்று விளக்கச் சொல்லி மூன்று மாதம் அலைக்கழிக்கப்பட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த அலுவலகத்தில் இருபத்தோரு வருடமாக உறை ஒட்டி, முத்திரை குத்தி, தபால் அனுப்பிக்கொண்டிருந்த அம்மாளைத் தபாலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் அது வெளியே வரும்.

தபாலக்காவின் மேசைக்கு எதிர் மேசை டைப்பிஸ்டுடையது. தபாலக்காவைவிடப் பத்து வயது சின்னவள். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். டைப்பிஸ்டுக்குக் காற்று வேண்டும். காற்று வந்தால் தபாலக்காவின் தாள்கள் பறக்கும். இந்த விஷயத்தில் இரண்டு பேரும் பதினொரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'ஜன்னலை மூடவும்' என்று தபாலக்கா சீட்டு எழுதி அனுப்புவாள். ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி அது திரும்பி வரும். ஜன்னல் திறந்தபடியே இருக்கும்.

ஒரு வெயில் நாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்த தபாலக்கா தலை சுற்றி, நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள். கண் விழித்தபோது டைப்பிஸ்ட் எலுமிச்சை பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, வாயருகே டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "குடிக்கா. குடிச்சிட்டு ஜன்னலை மூடிக்கோ" என்றாள். தபாலக்கா குடித்தாள். அழுதாள். டம்ளரின் அடியில் கிடந்த ஒரே ஒரு விதையை டைப்பிஸ்ட் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில் விரலால் அழுத்தி வைத்தாள். அது முளைத்து, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்துகொண்டது. தொட்டி தடுத்ததால் ஜன்னலைப் பாதிதான் திறக்க முடிந்தது. பதினொரு மாதச் சண்டைக்குத் தீர்ப்பு சொன்னது அந்தக் கன்றுதான்.

கன்று இருபத்து மூன்று இலை விட்டிருந்தபோது டைப்பிஸ்டுக்கு முதுகில் ஆபரேஷன். மூன்று மாத விடுப்பு. கடைசி நாள் சாயங்காலம் தொட்டியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் இது உன் பிள்ளை."

"போடி. வீட்ல ரெண்டு இருக்கறது போதாதா?"

"நான் திரும்பி வந்து நடந்து உள்ள வர்றப்ப இது இங்க நிக்கணும். எனக்கு அது போதும்."

"நிக்கும்டி. எங்க போயிடப் போவுது?" என்று தபாலக்கா சொன்னாள்.

போய்விடும் என்று அவளுக்கு அடுத்த வாரமே தெரிந்தது. ஆண்டு இறுதிப் பொருள் சரிபார்ப்பு வரப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. சொத்து எண் இல்லாத எந்தப் பொருளும் அலுவலகத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் பின்கட்டு முற்றத்தில் கொட்டப்படும். போன வருடம் கணக்கரின் மூலநோய்த் தலையணை அப்படித்தான் போனது. மனிதர் இன்றுவரை சரியாக உட்காரவில்லை.

தபாலக்கா நேராக ஸ்டோர்கீப்பரிடம் போனாள்.

"இந்தக் கன்னுக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுங்க சார்."

ஸ்டோர்கீப்பருக்கு வாயெல்லாம் பல். வாழ்நாளில் அவரிடம் தானாக வந்து நம்பர் கேட்ட முதல் ஆள் அவள். நாற்காலிக்கு நம்பர், அலமாரிக்கு நம்பர், சுவர்க் கடிகாரத்துக்கு நம்பர் என்று ஒட்டி ஒட்டி, உயிருள்ள ஒன்றுக்கு ஒட்ட முடியாத குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது.

"தொட்டி, மண்ணு, செடி மூணும் சேர்த்து ஒரே அயிட்டமா போட்டுடறேன். எங்க ஒட்டறது? பக்கத்துல ஒட்டினா தண்ணி பட்டு உரிஞ்சிடும். அடியில ஒட்டினாத்தான் பத்திரம். நீங்க சாய்ச்சுப் பிடிங்க."

தபாலக்கா கன்றின் தண்டை இரண்டு விரலால் தாங்கித் தொட்டியைச் சாய்த்துப் பிடித்தாள். ஸ்டோர்கீப்பர் உள்ளங்கை அகல வெள்ளி நிற ஸ்டிக்கரை எடுத்து, அடியில் நட்டநடுவில் வைத்து, கட்டைவிரலால் நாலு பக்கமும் தேய்த்தார்.

"இது சாதாரண ஸ்டிக்கர் இல்ல. கப்பல்ல ஒட்டறது. இருபது வருஷம் தண்ணியில கிடந்தாலும் அசையாது."

எண்: ப.து/தள/4417. தபாலக்காவுக்கு நிம்மதி. இனி இந்தக் கன்றை யாரும் தொட முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை டைப்பிஸ்டுக்குப் போன் செய்து சொன்னாள்.

"உன் கன்னு இப்ப பர்மனென்ட் ஆயிடுச்சுடி."

"எனக்கே நாலு வருஷம் ஆச்சுக்கா" என்று டைப்பிஸ்ட் சிரித்தாள். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். குரல் பஞ்சாக இருந்தது. "நாளையிலிருந்து நடக்கச் சொல்றாங்க. காலை வெச்சாலே உயிர் போவுது. அக்கா, கன்னுல எத்தனை இலை இருக்கு?"

"இருபத்து மூணு."

"அப்ப நான் இருபத்து மூணு அடி நடக்கறேன். அடுத்த வாரம் எண்ணிச் சொல்லு. அது எத்தனையோ அத்தனை அடி."

எண் ஒட்டியதன் பலன் உடனே தெரிந்தது. அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றினால் தொட்டிக்குக் கீழே இருந்த தட்டு நிறையும். சில நாள் வழிந்து கோப்புகள்மேல் சொட்டும். எண் வந்த பிறகு ஒரு சொட்டு வழியவில்லை. தட்டு காய்ந்து கிடந்தது. கண்காணிப்பாளர் வந்து விரலால் தட்டைத் தடவிப் பார்த்து மெச்சினார்.

"பாத்தீங்களா? ஒரு நம்பர் குடுத்ததும் செடிக்கே ஒழுங்கு வந்துடுச்சு. மனுஷங்களுக்குத்தான் வர மாட்டேங்குது."

மூன்றாம் வாரம் கன்றின் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

தபாலக்கா கண்காணிப்பாளரிடம் ஓடினாள். "சார், கன்னு வெளுக்குது. மண்ணு சதசதன்னு இருக்கு. மண்ணை மாத்தி வெச்சுப் பாக்கட்டுமா?"

"மண்ணுக்கும் சேர்த்துத்தானே நம்பர்?"

"ஆமா சார்."

"மண்ணை மாத்தினா அது வேற அயிட்டம் ஆயிடாதா? சரிபார்க்க வர்றவன் 'பழைய மண்ணு எங்க'ன்னு கேட்டா நான் எங்க போறது?"

"அப்ப தண்ணியாவது கொஞ்சம் கொறைக்கறேன் சார்."

"ஒரு நாளைக்கு ரெண்டு குவளைன்னு ஆணை போட்டாச்சு. அதுல கை வைக்காதீங்க. செடி நோய்ப்பட்டிருக்குன்னா அதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. குழு போடுவோம்."

அலுவலக வரலாற்றில் அன்று ஒரு பொன்னாள். 'தொட்டிச் செடிகளின் சத்துக் குறைபாடு கண்டறிதல் மற்றும் சீர்செய்தல் குழு' அமைந்தது. கண்காணிப்பாளர் தலைவர், ஸ்டோர்கீப்பர் செயலாளர், கணக்கர் நின்றபடி உறுப்பினர். வெளியிலிருந்து ஒரு செடிநல ஆலோசகரும் வரவழைக்கப்பட்டார். கழுத்தில் அட்டை தொங்க, பெயின்ட் கடையில் காட்டுவதுபோல் விசிறியாக விரியும் ஒரு வண்ணச் சீட்டுக் கட்டுடன் அவர் வந்தார். மூன்று நாள் பயிற்சி எடுத்து இரண்டு சான்றிதழ் பெற்றவர். செடியின் முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "செடிகிட்ட யாராவது கடுமையா பேசினீங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள்.

"நான் பொதுவாத்தான் பேசினேன்" என்றார் அவர்.

ஆலோசகர் ஒரு கையேடு கொடுத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல கையேடு. தழைச்சத்து குறைந்தால் அடி இலை முழுதாக மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சாம்பல்சத்து குறைந்தால் இலையின் ஓரம் கருகும் என்று படத்தோடு போட்டிருந்தது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், முதல் பக்கத்தில், முதல் வரியில், தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: 'எந்தச் சத்தும் கொடுப்பதற்கு முன் தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கவும்.'

குழு கையேட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. கண்காணிப்பாளர் எழுந்து, தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி, தலையை அண்ணாந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"ப.து, தள, நாலு நாலு ஒண்ணு ஏழு. சரியா இருக்கு. எழுதிக்கோங்க."

செயலாளர் எழுதிக்கொண்டார்: 'அடிப்பாகம் பார்க்கப்பட்டது. எண் தெளிவாகவும் உறுதியாகவும் உள்ளது.' அடுத்து அவரும் தூக்கிப் பார்த்தார். கணக்கர் பார்த்தார். ஆலோசகரும் பார்த்தார்; எண் இல்லாமல் அவருடைய வருகைப் படிவத்தை நிரப்ப முடியாது. அன்று முதல் யார் கன்றின் அருகில் வந்தாலும் முதலில் தொட்டியைத் தூக்கி, எண்ணைப் படித்து, 'நேரில் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டோர்கீப்பர் ஒரு நுட்பமான விஷயத்தையும் கவனித்தார். தூக்கத் தூக்கத் தொட்டி கனத்துக்கொண்டே வந்தது. 'செடியின் எடை கூடி வருகிறது. வளர்ச்சி திருப்திகரம்' என்று குறிப்பு எழுதினார்.

நோயைக் கண்டறியச் சான்று வேண்டும் அல்லவா? அதற்காகவே படிவம் 7-இ உருவாக்கப்பட்டது. இ என்றால் இலை. மூன்று பிரதி: மூலப் பிரதி, அலுவலகப் பிரதி, உபரிப் பிரதி. மூன்றிலும் பாதிக்கப்பட்ட இலை ஒன்று அசலாக ஒட்டப்பட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இலை ஒன்றும் எதிர்ப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். ஆகக் குறைபாடு ஒன்றுக்கு ஆறு இலை.

"சார், இருக்கறதே இருபத்து மூணுதான்" என்றாள் தபாலக்கா.

"கவலைப்படாதீங்க. மூணு பிரதியும் நம்ம கோப்புலயேதான் இருக்கும். வெளியே எங்கயும் போவாது."

முதலில் தழைச்சத்து. மஞ்சள் இலை மூன்று, பச்சை இலை மூன்று. ஒவ்வொன்றையும் ஸ்டோர்கீப்பர் கிள்ளியபோது தபாலக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குழு கூடி யூரியா ஒரு கரண்டி என்று முடிவெடுத்துப் போட்டது. பதினேழு இலை மீதி.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அக்கா, எத்தனை?"

தபாலக்கா வாயைத் திறந்தாள். பதினேழு என்று சொன்னால் அவள் பதினேழு அடியோடு படுத்துவிடுவாள். டாக்டர் வேறு நடந்தால்தான் தேறும் என்று சொல்லியிருக்கிறாராம்.

"முப்பது" என்றாள்.

"அடேயப்பா!" என்றாள் டைப்பிஸ்ட். அடுத்த நாள் முப்பது அடி நடந்தாள்.

கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்து. ஆறு இலை போனது. இரும்புச்சத்துக்கு மருந்து வாங்கக் கோரிக்கை எழுதி ஒப்புதல் வர நாளாகும் என்பதால், ஸ்டோர்கீப்பர் தம் சொந்த அறிவைப் பயன்படுத்தினார். ஸ்டோரில் பத்து வருடமாகத் துருவேறிக் கிடந்த குண்டூசி இரண்டு பெட்டியை அப்படியே தொட்டி மண்ணில் கவிழ்த்தார்.

"இரும்புதானே? இதுல இல்லாத இரும்பா?"

ஆலோசகரே அசந்துபோனார். "புதுமையான அணுகுமுறை" என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தபாலக்கா நாற்பத்தைந்து என்று சொன்னாள். செடியில் பதினொன்று இருந்தது.

இலை ஓரம் கருகியது. சாம்பல்சத்து. ஆறு இலை. சாம்பலுக்குப் பழைய படிவங்களை எரித்துக்கொண்டார்கள். அது அங்கே தட்டுப்பாடில்லாத பொருள். மீதி ஐந்து. தபாலக்கா போனில் ஐம்பத்தாறு என்றாள். இப்போது அவள் பொய்யைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. போன வாரத்துக் கணக்கு மறந்துவிட்டால் மாட்டிக்கொள்வாள்.

இதற்குள் அறையில் சாக்கடை நாற்றம் அடிக்கத் தொடங்கியது. மதிய உணவுப் பாத்திரங்களை அன்றன்றே கழுவ வேண்டும் என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட்டார். எல்லோரும் 'பார்த்தேன்' என்று எழுதினார்கள்.

தபாலக்கா ஒரு நாள் துணிந்து குழுவின் முன்னால் போய் நின்றாள். "சார், நாத்தம் தொட்டியிலிருந்துதான் வருது. மண்ணு கூழாட்டம் இருக்கு. எனக்கென்னவோ தண்ணிதான் தப்புன்னு தோணுது."

"இது சத்துக் குழு, தபாலக்கா" என்றார் கண்காணிப்பாளர், பொறுமையாக. "தண்ணி நம்ம வரம்புல வராது. வேணும்னா ஈரக் குழுன்னு ஒண்ணு தனியா போடலாம். அடுத்த நிதியாண்டுல நினைவுபடுத்துங்க."

கடைசி ஐந்து இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் கோடு ஓடியது. மக்னீசியம் என்றார் ஆலோசகர். பாதிக்கப்பட்ட இலை மூன்று கிள்ளியாயிற்று. நல்ல இலை மூன்று வேண்டும், இருந்தது இரண்டு. உபரிப் பிரதியில் ஒரு கட்டம் காலியாக நின்றது. படிவத் துறையின் வரலாற்றிலேயே இப்படி ஒரு கட்டம் காலியாக நின்றதில்லை. குழு அரை நாள் விவாதித்து, அந்தக் கட்டத்தில் எழுதியது: 'இலை ஒன்று நிலுவை. வளர்ந்தவுடன் சமர்ப்பிக்கப்படும்.'

வெள்ளிக்கிழமை நிறைவுக் கூட்டம். தலைவர் அறிக்கையைப் படித்தார். 'தீவிர நடவடிக்கைகளின் பயனாக, இன்றைய தேதியில் மேற்படி செடியில் குறைபாடுள்ள இலை ஒன்றுகூட இல்லை.' கைதட்டல் எழுந்தது. ஆலோசகர் கொண்டுவந்திருந்த பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஜன்னலுக்குமேல் மாட்டினார்கள். அதற்கு நேர் கீழே, நீலத் தொட்டியில், ஒரு குச்சி நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தபாலக்கா அறுபத்து நான்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் டைப்பிஸ்ட் வேலைக்கு வருகிறாள்.

வந்தாள். கையில் ஓர் ஊன்றுகோல், இடுப்பில் பெல்ட். வாசலிலிருந்து மேசைவரை ஒரே மூச்சில் நடந்து வந்து, "அறுபத்து நாலுக்கு மேலயே வரும்க்கா" என்று சிரித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"இது என்ன குச்சி?"

 தபாலக்கா அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். டைப்பிஸ்ட் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டினாள். காய்ந்த இலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அரை மணி நேரம் ஆயிற்று.

"இருபத்து மூணு இருக்கு. நீ அறுபத்து நாலுன்னியே. மிச்சம் நாப்பத்தொண்ணு எங்கக்கா?"

"அதான் நீ நடந்துட்டியேடி" என்றாள் தபாலக்கா. சொல்லும்போதே உடைந்துபோனாள். "உன் கன்னைக் காப்பாத்த முடியலடி. நானே நம்பர் வாங்கிக் குடுத்து, நானே சாய்ச்சுப் பிடிச்சு..."

டைப்பிஸ்ட் அவளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "சிரிக்க வெக்காதக்கா, முதுகு இழுக்குது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குச்சியை நகத்தால் ஓரிடத்தில் லேசாகச் சுரண்டினாள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தது.

"உசிரு இருக்கு" என்றாள். அவள் பார்வை கீழே இறங்கியது. "தட்டு ஏன் இவ்ளோ தூசியா கிடக்கு? தண்ணி ஊத்தறதில்லையா?"

"தினம் ரெண்டு குவளை. ஒரு நாள் தவறினதில்லை. நீ போனப்புறம் தட்டுல வடியறதே இல்ல. சமத்தாயிடுச்சுன்னு சார்கூடச் சொன்னாரு."

"மூணு மாசம் வடியவே இல்லையா?"

"ஒரு சொட்டு இல்ல."

"தொட்டியைத் தூக்குக்கா."

தபாலக்கா தூக்கினாள். கை நடுங்கும் அளவுக்குக் கனத்தது. குனிய முடியாத டைப்பிஸ்ட் உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணாந்து பார்த்தாள். ப.து/தள/4417 பளபளவென்று மின்னியது. பதினொரு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, பன்னிரண்டாவதாக ஓர் ஆள் அதைப் பார்த்தாள். ஆனால் அவள் எண்ணைப் படிக்கவில்லை.

"அக்கா, இந்த ஸ்டிக்கருக்குக் கீழதானே ஓட்டை இருந்துச்சு?"

தபாலக்காவின் முகம் வெளிறிப்போனது. அடுத்த நொடி அவள் எதையும் யோசிக்கவில்லை. தொட்டியை மேசையோரம் சாய்த்து, ஸ்டிக்கரின் முனையில் நகத்தை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கப்பல் ஸ்டிக்கர் கப்பலுக்குரிய பிடிவாதத்தோடு எதிர்த்தது. நகம் ஒன்று பெயர்ந்தது. கடைசியில் பிய்ந்து வந்தது. மூன்று மாதத் தண்ணீர், ஒரு கரண்டி யூரியா, இரண்டு பெட்டி குண்டூசியின் துரு, எரிந்த படிவங்களின் சாம்பல் எல்லாம் கறுப்பாகக் கலந்து, திறந்து கிடந்த கோப்பின்மேல் குபுகுபுவென்று கொட்டின. அறையில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். கண்காணிப்பாளர் மட்டும் உள்ளே ஓடிவந்தார்.

"ஐயோ, நம்பரைப் பிய்ச்சது யாரு?"

இரண்டு பேரும் சேர்ந்து மண்ணை மாற்றினார்கள். அழுகிய வேரை வெட்டி, நல்ல வேர் நாலைந்தை மட்டும் விட்டு, தொட்டியை வெயிலில் வைத்தார்கள். வேறு எந்தச் சத்தும் கொடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் குச்சியின் நுனியில் நெல்மணி அளவு பச்சை. மூன்றே நாளில் அது இரண்டு இலையாக விரிந்தது. டைப்பிஸ்ட் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேண்டுமென்றே இரண்டே இரண்டு அடி நடந்து தபாலக்காவின் மேசைக்கு வந்தாள்.

அன்று மதியமே தபாலக்காவுக்கு மெமோ வந்தது. ஒன்று, அலுவலகச் சொத்தின் எண்ணை அகற்றிய குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? இரண்டு, செடியில் இலை வந்திருப்பதாகத் தெரிய வருவதால், உபரிப் பிரதியில் நிலுவையில் உள்ள ஓர் இலையை உடனடியாகச் சமர்ப்பிக்கவும்.

விளக்கத்துக்கு விடப்பட்டிருந்த கட்டத்தில் இரண்டு வரிதான் எழுதலாம். அந்தக் கட்டத்தைப் போட்டதும் இந்த அலுவலகம்தான். தபாலக்கா இருபத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் கட்டத்தை மீறி, ஓரமெல்லாம் எழுதினாள்.

'ஐயா, எண் கேட்டவள் நான். தொட்டியைச் சாய்த்துப் பிடித்தவளும் நான். அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். இலை தர மாட்டேன். செடிக்கு எந்தச் சத்தும் குறையவில்லை. அது மூச்சு விட இருந்தது ஒரே ஓர் ஓட்டை. அதன்மேல் நம் எண் இருந்தது. மூன்று மாதத்தில் பதினொரு பேர் அந்தத் தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பதினொரு பேரும் எண்ணைத்தான் படித்தீர்கள். செடி செத்துக்கொண்டிருந்ததை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.'

முறைப்படி அந்தத் தாள் பதினொரு பேருக்கும் சுற்றுக்குப் போனது. வெளியாளான ஆலோசகருக்குத் தபாலில் போனது. உறையை ஒட்டி முத்திரை குத்தி அனுப்பியவளும் தபாலக்காதான். பத்து நாள் கழித்துத் தாள் அவள் மேசைக்குத் திரும்பி வந்தது. அவள் பிரித்தாள். டைப்பிஸ்ட் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

நடவடிக்கை எதுவும் இல்லை. இலையும் கேட்கவில்லை. ஓரத்தில் அவள் எழுத்துக்கள் போக மிஞ்சிய இடுக்குகளில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினொரு பேரின் கையெழுத்தில், ஒரே ஒரு சொல் பதினொரு தடவை எழுதியிருந்தது:

'பார்த்தேன்.'